பவுனம்மாள் மருதாணி வைத்த கதை

ராயபுரத்துத் தெருக்களில் மீன் கூடை சுமந்த பவுனம்மாளுக்கு 1951-ஆம் வருஷம் திடீரென்று மருதாணிப் பித்துப் பிடித்தது. வாரம் தவறாமல் அரைத்து, உள்ளங்கை முழுக்க அப்பிக்கொள்வாள். பக்கத்து வீட்டு மங்கை விடுவாளா?

"இன்னாக்கா, வாராவாரம் கண்ணாலமா ஒனக்கு?"

"ஆமாண்டி, உனக்கு இன்னா பேஜாரு?" என்று பவுனம்மாள் சிரித்து மழுப்புவாள். மருதாணிக்கு அடியில், உள்ளங்கை முழுக்கக் கடுகு கடுகாய்த் தடித்த காய்ப்புகள். கழுத்திலும் மார்பிலும் தூறல் விழுந்த மண் மாதிரி கறுப்புப் புள்ளிகள். குஷ்டம்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். தெரிந்தால் அவள் கை மீனை யார் வாங்குவார்கள்? கட்டுமரத்தில் போகும் புருஷன் வீட்டில் வைத்திருப்பானா? அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வாள். ஒன்பது வயது குணசுந்தரிக்கு ஒட்டிக்கொண்டால்?

அதனால் மகளைத் தொடுவதையே விட்டுவிட்டாள், பாவி. தலை பின்ன மங்கையிடம் அனுப்பினாள். சோற்றைக் கரண்டியால் போட்டாள். பாயைத் தள்ளிப் போட்டாள்.

"யம்மா, எம்மேல இன்னாமா கோவம்?"

"தள்ளிப் போடி, மேலெல்லாம் கவிச்சி" என்பாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அழுவாள்.

தெருக்குழாயில் குடம் கைமாறும்போது யாராவது கையைப் பார்த்துவிட்டால்? அங்கே போவதையும் நிறுத்தினாள். ஆறேழு வருஷமாகக் குழாய் காயும் நாட்களில் மட்டும் போய்வந்த கிணறு ஒன்று இருந்தது, தோல் கிடங்குக்குப் பின்னால். இப்போது தினமும் அங்கேதான். ஆள் நடமாட்டம் கிடையாது. தண்ணீரோ கண்ணாடி, கல்கண்டு. தாயும் மகளும் அதைத்தான் குடித்தார்கள்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தி அவள் கையைப் பார்த்ததும், "ஐயையோ, இது என்னடி?" என்று வாங்கிய வஞ்சிரத்தைக் கூடையிலேயே எறிந்தாள். அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. கூடையோடு தர்ம ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் புள்ளிகளில் ஊசியால் குத்தினார். பவுனம்மாள் துள்ளினாள்.

"வலிக்குதா? அப்ப குஷ்டம் இல்லம்மா. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"தண்ணி எங்கே எடுக்கிறே?"

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தோலைப் பூச்சி அரிக்காம இருக்க பாஷாணத் தண்ணியில முக்கி எடுப்பாங்க. மிச்சத்தைப் பின்னால கொட்டினா பூமிக்குள்ளதானே இறங்கும்? ருசியில தெரியாது, வாசனையும் இருக்காது. என் சந்தேகம் அதுதான். இனிமே ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதே."

அவர் சொன்னதில் பாதிகூட அவள் காதில் ஏறவில்லை. "சார், இது ஒட்டாதுங்களா? எம் பொண்ண நான் தொடலாமா?"

"தாராளமாத் தொடு."

அட, அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கூடையை வாசலில் போட்டாள். குணசுந்தரியை வாரி மடியில் போட்டு முத்தமிட்டாள், முகர்ந்தாள், "எங்கண்ணு, எந்தங்கம்" என்று பிதற்றினாள். மகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.

கன்னத்தில் சொரசொரவென்று உறுத்தியது.

பிஞ்சு விரல்களைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினாள். "எப்பலேர்ந்துடி இது?"

"ரொம்ப நாளாக் கீதுமா" என்றாள் குணசுந்தரி. "நீதான் கிட்டவே சேக்கலியே. நான் யாராண்ட சொல்றது?"