கிளாஸ்கோவுக்கு இரண்டு பேர்

பிரித்தானிய நகரங்களை நான் தெரிந்துகொண்டது தூசி துடைத்துத்தான். பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, இளவயதில் வானொலியில் பாட்டுப் போட்டவர். அவருடைய இசைத்தட்டுகள் ஒரு சுவரை நிறைத்து நிற்கின்றன. அவற்றைக் குழுக்களின் பெயர்ப்படி அல்ல, ஊர்ப்படி அடுக்கி வைத்திருக்கிறார். மேல்தட்டில் லிவர்பூல், அதன் கீழே மான்செஸ்டர், பிறகு ஷெபீல்ட், பிரிஸ்டல், கிளாஸ்கோ. லண்டனுக்கு அடித்தட்டு, குனிந்துதான் எடுக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, கெட்டிக்காரத்தனம் காட்டுவதாக நினைத்து, எல்லாவற்றையும் அட்டைகளின் நிறப்படி மாற்றி அடுக்கிவிட்டேன். வேலையே போகப் பார்த்தது. திருப்பி ஒழுங்குபடுத்த மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில்தான் எனக்கு இந்த ஊர்களின் பைத்தியம் பிடித்தது.

சிஞ்ஞோரா மதியத்தில் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஸ்திரிக்கைப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டே ஊர் ஊராகக் கேட்டேன். மான்செஸ்டர்க் குழுக்களில் பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்து நிற்கும். பாடுகிறவன் வாடகை உயர்ந்த செய்தியை வாசிப்பவன் போலப் பாடுவான். ஷெபீல்டில் இரும்பு ஆலைகள் இருந்தனவாம். அங்கே கீபோர்ட்டைக்கூடச் சுத்தியல் போலத்தான் அடிக்கிறார்கள். லிவர்பூல் எங்கள் பலெர்மோவைப் போலத் துறைமுகம். கப்பல்காரர் கொண்டுவந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிலவறைகளில் நின்று பாடியிருக்கிறார்கள். பிரிஸ்டலில் தாளம் மெதுவாக, கனமாக வரும். கரீபியனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த தாளம் என்று சிஞ்ஞோரா சொன்னார். வந்தேறிகளும் ஓர் ஊரின் சத்தத்தை மாற்றலாம் என்பது எனக்கு அன்று பெரிய செய்தியாக இருந்தது.

ஆனால் என் ஊர் கிளாஸ்கோ. அங்கே ஒரு பழைய நடன மண்டபத்தில் பதிந்த தட்டு ஒன்று இருக்கிறது. அதில் சனம் பாடகனின் குரலையும் மேவி உரக்கப் பாடுகிறது. மண்டபத்தின் பலகைத் தரை, எல்லாரும் சேர்ந்து குதித்தால் தானும் குதிக்குமாம். நான் எங்கள் இசைக்குழுவில் ஒக்டபாட் என்ற மின்மேளம் அடிப்பவன். எங்கள் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளில் நாங்கள் வாசிக்க, சனம் கொத்துரொட்டி வரிசையில் நிற்கும். குதிக்கும் தரை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

இதையெல்லாம் நான் கதைக்கக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன், என் அறைக்கூட்டாளி, மாடிப்படி துடைக்கும் வேலைக்காரன். எங்கள் சனம் பிரித்தானிய நகரங்களை ஒப்பிடுவது கோயில், பள்ளிக்கூடம், யாருடைய தமையன் எங்கே கடை வைத்திருக்கிறான் என்பதை வைத்து. நாங்கள் இரண்டு பேரும் பேஸையும் மண்டபங்களையும் வைத்து ஒப்பிட்டோம். ஞாயிறு பின்னேரங்களில் நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் வாசித்துப் பழகிவிட்டு, வராத பஸ்ஸுக்காகக் காத்துநின்று சண்டை பிடிப்போம். அவன் மான்செஸ்டர், நான் கிளாஸ்கோ. சாமத்திய வீட்டில் சினிமாப் பாட்டின் நடுவே அவன் மான்செஸ்டர் பேஸ் ஒன்றை நைசாக நுழைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். நான் ஷெபீல்ட் அடியால் பதில் சொல்வேன். மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் இரண்டு பேருமாகப் பிரித்தானியாவுக்குப் போய் இருப்பது என்று முடிவு. அவனுக்கு முதலில் கிடைத்தது. என்னுடையது ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அதற்குள் பிரெக்ஸிட் வந்து, இத்தாலியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் கதவு பூட்டப்படப் போகிறது என்று எங்கும் ஒரே கதை. நீ போ, நான் பிறகு வருகிறேன் என்று நானே சொன்னேன். அவன் கேட்கவில்லை.

“நீ இல்லாமல் நான் அங்கை தனியப் போய் ஆருக்கு வாசிக்கிறது?” என்றான். நான் நம்பினேன்.

அந்தக் குளிர்காலம், மிலானில் ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கலியாணம், ஒரு கிழமையில் வாறன் என்றான். மிலான் குளிருக்கு என் தடித்த கோட்டைக் கேட்டான்; கொடுத்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையம் வரை அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். இரண்டு கிழமை ஆகியும் அழைப்பில்லை. சுகமில்லையோ என்று ஆட்கள் கேட்டார்கள். பேஸ் கிட்டார் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது, ஆள் எங்கே போவான், வருவான் என்று அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அழைப்பு வந்தது. கிளாஸ்கோவிலிருந்து.

எங்கள் சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. பயணத்தை முன்கூட்டிச் சொல்லமாட்டோம். போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எடுத்துத்தான் சொல்வோம். முன்பே வெளியே விட்டால் கண்ணூறு பட்டுக் காரியம் குழம்பிவிடும். ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் எல்லை கடந்த காலத்துப் பயம், கையில் நல்ல கடவுச்சீட்டு வந்த பிறகும் விடவில்லை. போன வெள்ளி கோயிலில் பக்கத்தில் நின்றவர் இந்த வெள்ளி பர்மிங்காமில் இருப்பார். யாரும் கோபிப்பதில்லை. அவனும் நானும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்.

“கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். அதுதான் விட்டிட்டு வந்தனான்” என்றான்.

“என்ரை கண்ணும் கெட்ட கண்ணோடா?” என்று கேட்டேன்.

அப்படியில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் என்றான் அவன். அந்தப் ‘பொதுவாக’தான் என்னைக் கொன்றது. அவன் போனது எனக்குத் துரோகமில்லை. கோயிலில் பக்கத்தில் நிற்கும் ஆளைப் போல என்னையும் எண்ணினானே, அதுதான் துரோகம். அன்று முழுக்க என்னால் உடுப்பு மினுக்க முடியவில்லை. சிஞ்ஞோராவின் வெள்ளைச் சட்டை ஒன்றைப் பொசுக்கினேன்.

என் குடியுரிமை வந்தபோது கதவு பூட்டியாகிவிட்டது. இனி அங்கே சுற்றிப் பார்க்கப் போகலாம், இருக்க முடியாது. போன கோடையில் நான்கு நாளுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்தத் தரைக்காக. ரயில் நிலையத்தில் என்னைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது, கிட்டார் கொண்டுவந்தாயா என்று. இல்லை என்றேன். வேண்டுமென்றேதான் கொண்டுபோகவில்லை. அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என் கோட்டு தொங்கியது.

எங்கள் ஆள் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் அவனுக்குச் சமையல் உதவி வேலை. அவர் கூப்பிட்டதால்தான் கிளாஸ்கோ, வேறு காரணமில்லை. அந்த மண்டபம் அவன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தூரம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவன் உள்ளே போனதில்லையாம், பின்னேரம்தான் வேலையாம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் ஊரைக் களவெடுத்தவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவன் வேலைக்குப் போன பிறகு நான் தனியே போனேன். யாரோ பெயர் தெரியாத பெடியங்களின் குழு. மூன்றாவது பாட்டில் சனம் குதித்தது, தரையும் குதித்தது. உள்ளங்கால் வழியாக அது நெஞ்சுவரை ஏறியது. சனம் பாடகனை மேவிப் பாடியது, தட்டில் கேட்டது போலவே. என் இடப்பக்கம், எங்கள் மேடையில் பேஸ் வாசிப்பவன் நிற்கும் இடத்தை என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். அங்கே தலைமயிர் நனைந்த ஒரு பெண் குதித்துக்கொண்டிருந்தாள். நான் நின்று அழுதேன்.

மறுநாள் காலை அவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, மண்டபம் எப்படி என்று கேட்டான். முகத்தில் உண்மையான ஆசை இருந்தது.

“பூட்டிக் கிடந்தது” என்றேன்.

“பறவாயில்லை. அடுத்தமுறை நீ வரேக்கை லீவு எடுக்கிறன். ரெண்டு பேருமாப் போவம்.”

ஓம் என்றேன். ஒரு கிழமையில் வாறன் என்று ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் அவன் சொன்னபோது அவன் குரல் எவ்வளவு இயல்பாக இருந்ததோ, என் குரலும் அவ்வளவு இயல்பாக இருந்தது.