ஹொலண்ட் மாமாவின் பந்தய வித்தை

இன்றைக்கும் சைக்கிள் பந்தயம் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் ஹொலண்ட் மாமா.

அம்மாவின் அண்ணனான அவர், எனக்குப் பதினொரு வயதாக இருந்த கோடையில் ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் தங்கினார். ஹொலண்டில் தக்காளிப் பண்ணையொன்றில் வேலை. கூடை பூட்டிய சைக்கிளில் வேலைக்குப் போய்வருவார். அவருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் உலக வீதிச் சைக்கிள் போட்டிகளில் ஹொலண்ட் பெண்கள் வென்ற கதையைத் தொடங்கினால், அவரே மிதித்து வென்றதுபோல இருக்கும். "எங்கடை பெட்டையளை ஒருத்தரும் தொடேலாது" என்பார். பழைய பந்தயங்களைப் போனில் போட்டுக் காட்டுவார். செம்மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி முன்னே போய் எதிர்காற்றையெல்லாம் தன் நெஞ்சில் தாங்கிக்கொள்வாள். அவள் மறைவில் இன்னொருத்தி களைக்காமல் வந்து கடைசியில் பாய்ந்து வெல்வாள். வென்றவளுக்கு வானவில் கோடு போட்ட சட்டை. முன்னே போனவளைக் கமரா அதன்பிறகு தேடுவதேயில்லை.

காட்டியதோடு விட்டிருக்கலாம். அப்பாவின் ஊர்ச் சங்க ஒன்றுகூடல் ஏரிக்கரைப் பூங்காவில் நடந்தது. சிறுவர் சைக்கிளோட்டத்துக்கு அக்கா நானும், என்னைவிட ஒரு வயது இளைய தம்பியும் பெயர் கொடுத்திருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் தினமும் நான் அவனைத் தோற்கடிப்பது எங்கள் கட்டடத்துக்கே தெரியும்.

தொடங்குவதற்குச் சற்று முன் மாமா எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "பிள்ளை, நீ முன்னாலை போய்க் காத்தை வெட்டு. தம்பி உனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வருவான். கடைசி வளைவிலை நீ விலத்து, அவன் பாயட்டும். உதுதான் ஹொலண்ட்காரரின்ரை வித்தை."

"ஏன், அவன் முன்னாலை போகட்டுமன்?"

"அவன் களைச்சுப் போவான். நீதானே பலமான ஆள்."

பலமான ஆள் என்பதால் நான் தோற்க வேண்டுமாம்! எந்த ஊர் நியாயம் இது? அப்பாவோ பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் சொன்னால் செய்யும் வயது. செய்தேன். ஏரிக்காற்று நெஞ்சில் வந்து மோதியது. கண்ணில் நீர் வழிந்தது. பின்னால் தம்பியின் சங்கிலிச் சத்தம் விடாமல் கேட்டது. கடைசி வளைவில் என் காலில் இன்னும் பலம் இருந்தது. "விலத்து, விலத்து!" என்று மாமா கத்தினார். விலத்தினேன். தம்பி பாய்ந்தான். அந்த இடைவெளியில் வேறு இரண்டு பெடியன்களும் புகுந்துவிட்டார்கள்.

தம்பிக்குக் கோப்பை. அப்பா அவனைத் தோளில் தூக்கிவிட்டார். "ஆம்பிளைப் பிள்ளையெண்டா உப்பிடி இருக்கவேணும்" என்றார் யாரோ ஒரு அங்கிள். எனக்கு ஒரு பெட்டி ஆப்பிள் ஜூஸ். கோழி வாட்டும் இடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, "நான்தான் வெண்டிருப்பன்" என்று கத்தி அழுதேன்.

"ஹொலண்ட் பெட்டையள் உப்பிடி அழுறேல்லை" என்றார் மாமா.

அவர்கள் ஏன் அழ வேண்டும்? வளர்ந்தபின் நானே அந்தப் பந்தயங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு முறை முன்னே போய் எதிர்காற்றைத் தாங்கியவளுக்காக, இன்னொரு முறை மற்றவர்கள் முன்னே போகிறார்கள். அவளும் வெல்கிறாள். இந்தப் பாதியை மாமா சொல்லவேயில்லை.

அன்று அதைக் கேட்டவர் அம்மா மட்டும்தான். சோற்றுத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, முன்னுக்குப் போறவளுக்கு எப்ப முறை வரும்?" என்றார்.

"வரும், வரும்" என்று சிரித்தார் மாமா.

"எப்ப?" என்றார் அம்மா மறுபடி. இந்த முறை மாமாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா தம்பியை இறக்கிவிட்டு, கோழியைப் பிரட்டப் போனார்.

அப்பா கணக்காளர் படிப்பை முடிக்கும்வரை அம்மா பகலில் தொழிற்சாலை, மாலையில் கோப்பிக்கடை என்று வேலைக்கு நிற்பது, பிறகு அம்மா தாதிப் படிப்புக்குப் போவது என்று அவர்களுக்குள் பேச்சு. அப்பா படித்து முடித்து நல்ல வேலைக்கும் போய்விட்டார். அதற்குள் பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு வாங்கும் கதை வந்துவிட்டது. அம்மா கோப்பிக்கடையிலேயே நின்றார்.

இதொன்றும் எனக்கு அன்று தெரியாது. அம்மா எனக்காகத்தான் சண்டை பிடிக்கிறார் என்று நினைத்து, பெருமையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.