சின்னசாமியைப் பார்த்து உதைத்தேன்

19.2.2009: உப்பு வேகன் 42, எஞ்சின் 1.
6.11.2009: பணி நீக்கம். கடைசிச் சம்பளம் ரூ. 11,340.
4.1.2010: முதல் மனு. பதிவுத் தபால் ரூ. 22.
17.8.2011: இரண்டாம் மனு. ரூ. 25.
9.6.2015: மூன்றாம் மனு. ரூ. 27.
22.11.2023: நான்காம் மனு. ரூ. 30.

டேனியல் எங்கள் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையில் இருந்த யார்டு அது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வரும் உப்பு அங்கேதான் வந்து பிரியும். நான் ட்ரெயின் கிளார்க். வேகன்களின் பதினோரு இலக்க எண்ணைக் குறிப்பது என் வேலை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு இலக்கம்கூடத் தப்பியதில்லை.

வேகனை அதற்குரிய லைனில் சேர்க்க இரண்டு வழி உண்டு. எஞ்சினோடு கோர்த்தபடியே கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று. கொக்கியைக் கழற்றிவிட்டு, எஞ்சினால் ஒரு தள்ளு தள்ளி, வேகனைத் தானாக ஓடவிடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு யார்டில் 'உதை' என்று பெயர். மூன்றாம் லைனில் அதற்குத் தடை இருந்தது. ஆனால் ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்டில் நாற்பத்திரண்டு வேகனைப் பிரிக்கச் சொன்னால் உதைக்காமல் முடியாது. எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை. நானும்.

அன்று காலை பத்தேகாலுக்கு, மூன்றாம் லைனின் மறுமுனையில் நின்ற இன்னொரு பாயிண்ட்ஸ்மேன் சின்னசாமி, விடலாம் என்று கை காட்டினார். டேனியல் எஞ்சினுக்குக் கொடி அசைத்தார். வேகன் கிளம்பிய பிறகு, அங்கே ஏற்கெனவே நின்றிருந்த வேகனின் கொக்கி திரும்பிக் கிடப்பதைக் கண்டு, சின்னசாமி அதை நிமிர்த்தக் குனிந்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மூன்றாம் நாள் விசாரணை. சொல்வதை எழுதிக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். டேனியல் சொன்னது இது:

"சின்னசாமி கை காட்னான் சார். அவனப் பாத்துதான் ஒதச்சேன்."

கார்பன் வைத்து அப்படியே எழுதினேன். படித்தும் காட்டினேன்.

"கரெக்டா இருக்குதுணா" என்று கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்தில் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார்டைப் பார்த்தவர் அல்லர். சின்னசாமி கை ஓங்கியதாகவும், டேனியல் அவரையே உதைத்ததாகவும் கோப்பில் ஏறிற்று. உடன் வேலை செய்பவரை ஓடும் வேகன் முன்னால் தள்ளிய குற்றம். வேலை போயிற்று, அதோடு பென்ஷனும்.

டேனியல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார். ஷிப்டு விட்டு வருகிறவர்கள், "இன்னா டேனியலு, இன்னிக்கி எவன ஒதச்ச?" என்பார்கள். அவர் மனைவி ஜாஸ்மின் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார்: "'வேகன'ன்னு ஒரு வார்த்த சேத்து எழுதியிருந்தா இன்னாண்ணா?"

சொல்லாததைச் சேர்ப்பது என் வழக்கமில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்ல முடியவில்லை.

மனுக்களை நானே எழுதினேன். முதலாவதற்குப் பதில்: கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் திருத்த இயலாது. இரண்டாவதற்குச் சின்னசாமியே கட்டையை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"என்ன ஒதச்சிருந்தா காலு மிஞ்சியிருக்கும்ணா. இத அப்டியே எழுது."

எழுதினேன். பதில்: காலம் கடந்து தரப்பட்டது, மூல வாக்குமூலத்தோடு முரண்படுகிறது. மூன்றாவதில் 'உதை' என்ற சொல்லை இரண்டு பக்கத்துக்கு விளக்கினேன். பதில்: விதிப்புத்தகத்தில் அப்படியொரு சொல் இல்லை, தடை உள்ள லைன் என்பதால் அப்படி நடந்திருக்க வாய்ப்பும் இல்லை.

"உடுணா" என்றார் டேனியல். "நீ எழுதற ஒவ்வொரு தபாவும், நான் அவன ஒதச்சேன்னு அவங்க இன்னொரு தபா படிக்கிறாங்க. பேஜாருதான் ஜாஸ்தி."

"கடைசியா ஒண்ணுப்பா" என்றேன். தடையை மீறி வேகனை உதைத்ததை ஒப்புக்கொள்கிறார், ஆளைத் தள்ளிய குற்றத்துக்குப் பதில் இந்தக் குற்றத்தையாவது அவர் பேரில் எழுதுங்கள் என்று நான்காவதில் கேட்டோம்.

பதில்: வாக்குமூலம் இருந்த கோப்பு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழிக்கப்பட்டது. பரிசீலிக்க ஆதாரம் இல்லாததால் நீக்க உத்தரவு அப்படியே நிற்கும். இனி இது குறித்துக் கடிதம் எழுத வேண்டாம்.

கடிதத்தை டேனியலின் கேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

"இதுலயும் ஒதச்சேன்னு போட்டுக்கிறாங்களா?"

"இல்லப்பா. அந்த வார்த்த இப்ப என்கிட்ட இருக்கிற கார்பன் காப்பியில மட்டுந்தான் இருக்கு."

"நீ அத கிழிக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.

கிழிக்கவில்லை. கடிதத்தைக் கார்பன் காப்பியோடு சேர்த்துக் குத்தி, வந்த தேதியை மூலையில் எழுதினேன்: 11.3.2024.