சுனை மேலா, அடுப்படி மேலா

மலைகளின் உயரத்தை அளப்பதுதான் என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை. எப்போதும் தோளில் முக்காலி தொங்குவதால் ஊரே அவரை முக்காலி என்றுதான் கூப்பிடும். சுவரில் படம் மாட்டினால்கூட மட்டம் வைத்துப் பார்த்து நம் உயிரை வாங்குவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்மலைச் சுனையின் தண்ணீர் மோட்டார் இல்லாமலே அக்கா வீடு இருக்கும் மேட்டுத்தெருவுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். அக்காவின் அடுப்படியைவிடச் சுனை பதினைந்து மீட்டர் மேலே என்றார். அதை நம்பிக் குழாய் பதித்தார்கள். அக்கா தண்ணீர்க் குடங்களைப் பள்ளத்தெருவில் இருக்கும் என் தலையில் கட்டிவிட்டாள்.

திறந்துவிட்ட அன்று என் வீட்டில் தண்ணீர் பீறிட்டது. அக்கா வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது.

"நம்ம வீட்டு உயரம் சாட்டிலைட் கொடுத்தது. சுனையோட உயரம் மலையடி அளவுக்கல்லுல இருந்து நானே எடுத்தது. ரெண்டும் சரி" என்றார் அத்தான்.

"ரெண்டும் சரின்னா தண்ணி எங்க?"

"அதான் மாப்ள எனக்கே புரியல."

"கணக்கெல்லாம் எனக்கு வேணாம். தண்ணி வருமா, வராதா?" என்றாள் அக்கா.

அடைப்பு என்று நாலு இடத்தில் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் அத்தான் அடுப்படி ஜன்னலோரம் முக்காலியை விரித்து, மட்டக்கருவி வழியாக எதிர்மலையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சுனை கீழ இருக்கு."

அளவுக்கல் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறது. சாட்டிலைட்டோ கணக்குக்காகக் கற்பனை செய்த வழவழப்பான பூமியிலிருந்து எண்ணுகிறது. எங்கள் பக்கத்தில் சாட்டிலைட் கணக்கு முப்பது மீட்டர் குறைவாக வரும். அதைப் புதுக்கருவியே கூட்டியிருக்கும் என்று இவர் நினைத்திருக்கிறார். அது கூட்டவில்லை. பதினைந்து மீட்டர் மேலே என்ற சுனை, உண்மையில் பதினைந்து மீட்டர் கீழே.

அக்காவும் கண்ணை வைத்துப் பார்த்தாள். அடுப்படி மட்டத்தைக் காட்டும் கருவியின் குறுக்குக்கோடு சுனைக்கு வெகு மேலே, ஒரு மரத்தில் நின்றது. பிடிபிடியென்று பிடிப்பாள் என்று பயந்தேன். குழாயை ஒருமுறை திறந்து மூடினாள்.

"குடத்தைக் கொண்டாந்து கொடுத்துடுடா."

நான் எழுவதற்குள் அத்தான் கிளம்பிவிட்டார். இப்போதும் தினம் வேலைக்குப் போகுமுன் என் வீட்டில் தண்ணீர் பிடித்து, முக்காலி சுமந்த தோளில் குடத்தோடு படியேறுகிறார். பாவமாக இருக்கிறது, உதவப் போனால் விடமாட்டார். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, சுனையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவருக்கு இன்னும் எங்கோ இடிக்கிறது.

மேலே வாசலில் நின்று அக்கா குரல் கொடுக்கிறாள்.

"வாங்க, இன்னும் பதினஞ்சு மீட்டர்தான்!"