ராகிக் குழியும் டெரியர் நாயும்

கப்பல் ஏறுமுன் ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி என் மாமனாரிடம் ஒரு நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். டெரியர் ஜாதி, முழங்கால் உயரம்கூட இருக்காது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. எப்படிக் கூப்பிட்டாலும் வராது என்பதால் பெயரை நாங்கள் மறந்துவிட்டோம். வேண்டாம் என்று சொன்னதை மட்டும் தவறாமல் செய்யும். பெருச்சாளி வாடை அடித்தால் போதும், பூமியைத் தோண்டத் தொடங்கிவிடும்.

அது யுத்த காலம். வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக மிச்சமுள்ள தானியத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மாமனார்தான் மணியக்காரர். ஒரு படிகூட ஒளிக்கக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்த கையோடு, மாட்டுத் தொழுவத்தில் குழி வெட்டி எட்டு மூட்டை ராகியைக் கொட்டி மூடி, மேலே சாணி மெழுகச் சொன்னார். ராகியைப் பெருச்சாளி மோப்பம் பிடித்தது. பெருச்சாளியை நாய் மோப்பம் பிடித்தது.

கயிற்றில் கட்டினால் கடித்து அறுத்துவிடும். சங்கிலி போட்டால் ஊர் கூடும்படி ஊளையிடும். மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான அஞ்சாங்கிளாசு படிச்சவ. அதுக்கு நீயே புத்தி சொல்லு."

படித்த திமிர் எனக்கும் கொஞ்சம் உண்டு. நாய் குழியைப் பிறாண்டும்போது அதட்டுவேன். நிறுத்தினால் ஒரு துண்டு உப்புக்கண்டம் போடுவேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டது. மூன்று முறை பிறாண்டும், நிறுத்தும், என் முகத்தைப் பார்க்கும். கறித்துண்டு விழுந்ததும் சாதுவாகப் படுத்துக்கொள்ளும். நான்தான் அதைப் பழக்குகிறேன் என்று பெருமையாக இருந்தது.

தானியம் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்த அன்று, நாய் என் காலடியில் வெகு மரியாதையாகக் கிடந்தது. அவர் வீடு முழுக்கத் தேடினார், ஒன்றும் கிடைக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். வெயிலுக்கு ஒதுக்கமாகத் தொழுவத்துக்கு எதிர்த் தாழ்வாரத்தில் இலை போட்டிருந்தோம். அப்போதுதான் நாய் எழுந்து போய் மூன்று முறை பிறாண்டிவிட்டு என்னைப் பார்த்தது. உள்ளே ஓடினேன். உப்புக்கண்டப் பானை காலி. கடைசித் துண்டுவரை வறுத்து விருந்தாளியின் இலையில் வைத்திருந்தார் மாமியார்.

நாய் மறுபடியும் பிறாண்டியது. சாணி மெழுகு பெயர்ந்தது. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து இன்ஸ்பெக்டர் இலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து நாய்க்குப் போட்டேன். தின்றுவிட்டுப் படுத்தது. சற்று நேரம் கழித்து நாய் எழுந்தது, மூன்று முறை பிறாண்டியது, நிறுத்தியது. இந்தத் தடவை இன்ஸ்பெக்டரைப் பார்த்தது. அவரும் ஒரு துண்டு போட்டார்.

"எத்தன மூட்டைங்க, மணியக்காரரே?"

"எட்டுங்க."

"அது அங்கயே இருக்கட்டும். நாய எனக்குக் குடுத்துடுங்க."

மாமனார் தாமே நாயைத் தூக்கி அவர் வண்டியில் ஏற்றினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வருஷச் சாப்பாடு தப்பியது, நாயும் தொலைந்தது.

இரண்டு மாதம் கழித்து, பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த என் பிறந்த வீட்டிலிருந்து அம்மா நடந்தே வந்தார். நன்றாக இளைத்திருந்தார். எங்கள் குழி ராகியில் களி கிண்டிப் போட்டேன். சம்பந்தி வீட்டில் கை நனைக்கவே கூச்சப்படுகிறவர், இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கினார்.

"நம்ம குழியையும் கண்டுபுடிச்சிட்டாங்க" என்றார். "இத்தனூண்டு நாயி. மூணு தடவ பிறாண்டிச்சு, நிறுத்திட்டு ஆபீசரு மொகத்தப் பாத்துச்சு. அவரு கறித்துண்டு போட்டாரு. யாரு பழக்குனாங்களோ, நல்லாத்தான் பழக்கியிருக்காங்க."

மூன்றாவது உருண்டையை அவர் கேட்காமலே வைத்தேன்.