தபால்பெட்டியில் இருந்த பெயர்

ஒரு நீளக் கடதாசி மேசை நிறைய விரிந்து கிடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் மருமகனின் தாய், எனக்குச் சம்பந்தியம்மா, அந்த மாரிகாலம் முழுவதும் நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் தன் வீட்டில் இருந்து அதில் வம்சமரம் கீறினார். பழைய தேவாலயப் பதிவுகளைத் தேடித் தேடி, வெள்ளிச் சுரங்கத்தில் வேலைசெய்ய ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு மனிதர்வரை போய்விட்டார். அந்த மனிதரின் பெயர்தான் இன்றும் அவர்களுடைய குடும்பப் பெயர். "நாங்களும் வந்த ஆக்கள்தானாம் அம்மா," என்று மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துச் சிரித்தார்.

நான் தனியே போன ஒரு நாள் பார்த்தால், எங்கள் பக்கத்தையும் அவரே பென்சிலால் நிரப்பியிருந்தார். ஹவுகன்ஸ்டுவாவில் என் வீட்டுத் தபால்பெட்டியில் இருப்பது குடும்பப் பெயர் என்று நினைத்து, என் கணவருக்கும் மாமனாருக்கும் மாமனாரின் தகப்பனுக்கும் அதையே எழுதிவிட்டார். அது என் கணவருக்கு மட்டும் வைத்த பெயர். மறுநாள் கடதாசி கண்ணாடிச் சட்டம் போடப் போகிறது. வேலைக்குப் போயிருந்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமியிட்டை நீங்களே சொல்லுங்கோவன். அப்பான்ரை பேர் சொல்ல வெக்கம், அதுதானே?"

ஓம், அதுதான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஊரில் அவர் கண்ணை மூடியபோதுகூட "இஞ்சாருங்கோ" என்றுதான் கத்தினேன்.

ஆனால் பிழையான பெயரோடு என் மாமனார் சுவரில் தொங்கலாமா? அவருடைய கட்டத்திலும் அவர் தகப்பனின் கட்டத்திலும் விரலை வைத்து, இல்லை என்று தலையாட்டினேன். சம்பந்தியம்மாவின் முகம் வாடிப்போயிற்று. பிறகு கணவரின் கட்டத்தைத் தொட்டு, "இவர் மட்டும்," என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் சொன்னேன். "செல்லத்துரை."

வேறு யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. முகமெல்லாம் சுட்டது. சம்பந்தியம்மா றப்பரை எடுத்து மற்ற இரண்டையும் அழித்தார். அந்த இருவரின் சரியான பெயர்களையும் சொன்னேன். ஒன்று வந்தபின் மற்றவை தானாக வந்தன.

இப்போது சம்பந்தியம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆட்களை மட்டுக்கட்டுவது, அடையாளம் காண்பது குறைவு. என் பெயர் அடியோடு மறந்துவிட்டது. நான் கதவைத் திறந்தால் இரண்டு கையையும் நீட்டி, "செல்லத்துரை!" என்கிறார்.

"ஓம்," என்று சொல்லிப் பக்கத்தில் போய் இருக்கிறேன்.