அப்பாவின் சட்டையில் ஒரு வைத்தியம்

போன வாரம் கண்டாச்சிபுரத்தில், என் தோழியின் அப்பா இறந்த வீட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் விழுப்புரத்தில் உளவியல் படிக்கிறேன். பந்தல்காரரைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, தோழி களுக்கென்று சிரித்துவிட்டாள். அடுத்த நொடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் சும்மா இருடி. என்னை அழ உடு" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யார் முகம் வாடினாலும் சிரிக்க வைத்தே ஆக வேண்டும் எனக்கு. இல்லாவிட்டால் ஏதோ ஆகிவிடும். என்ன ஆகிவிடும்? பஸ்ஸில் திரும்பும்போதே பதில் கிடைத்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை ஏமாற்றி, மல்லாட்டைச் செடியில் ஒரு கடலைகூடப் பிடிக்காமல் போன வருஷம். கட்டட வேலைக்கு பெங்களூர் போன அப்பாவிடமிருந்து மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, எழவும் இல்லை. நான் கேப்பைக் கூழ் கிண்டிப் பாதியைக் கருக்கினேன். தம்பி கருகலையும் தின்றான். அம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை. இனி எழவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

உடனே வைத்தியத்தில் இறங்கினேன். மல்லாட்டை வியாபாரி மாதிரி மூக்கால் பேசினேன். கணக்கு டீச்சர் மாதிரி நடந்தேன். தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். அம்மா திரும்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம், பெங்களூர் போகும்போது அப்பா கழற்றிக் கொடியில் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் மண்வெட்டியைத் தொப்பென்று போட்டு, அவர் குரலிலேயே கத்தினேன்:

"இந்தாமே, ஜல்தி சோத்தப் போடு! மாடுகூட இந்நேரம் தின்னுட்டு அசை போட்டுக்கினு இருக்கும்!"

அம்மா சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கிய சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "கழட்டுடி அத. அழுக்காக்கிடப் போற" என்று, துவைக்காத அந்தச் சட்டையை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அழுக்குச் சட்டை எப்படி அழுக்காகும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் ஜெயித்துவிட்டேன். பொங்கலுக்கு அப்பா வந்து சேர்ந்தார். அதற்குள் வீட்டிலுள்ள முகங்களுக்கெல்லாம் நான் காவலுக்கு நின்றாகிவிட்டது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் நிற்கிறேன்.

இது தலையெழுத்து இல்லை, ஒரு பழக்கம். விட்டுவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு அம்மா அழத்தான் தொடங்கினாள், பயந்துபோய் நின்ற என்னைப் பார்த்துத்தான் அதைச் சிரிப்பாக்கினாள் என்பது அந்த ஒன்பது வயசுக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த மூன்று நாளும் மனசுக்குள் என்ன ஓடியது என்று அம்மாவிடம் கேட்கப் போகிறேன். "அந்தப் பேஜாரெல்லாம் இப்ப இன்னாத்துக்குடி?" என்பாள். விடமாட்டேன். சொல்ல ஆரம்பித்தால், ஒரு வேடிக்கையும் காட்டாமல், அவள் முடிக்கிற வரைக்கும் கேட்பேன்.